தொழில்நுட்பக் காரணம்

தக்கலை,
15 அக்டோபர் 2012

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஆபேலுக்கு,

அண்ணன் செல்வதாஸ் எழுதுவது. மும்பையில் நீயும் ரெஜிஷாவும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் ஜெனிலாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதும் வழக்கத்தை இந்த ஆண்டுக்கு நிறுத்திவைத்திருக்கிறேன்.

இதைத் தொலைபேசியில் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் "பாத்துச் சொல்லுதேன் அண்ணே" என்றாய். தாளில் கேட்டால் தாளில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 13, வியாழக்கிழமை. மும்பையிலிருந்து காலை 6.10-க்குப் புறப்பட்டு 8.20-க்குத் திருவனந்தபுரத்தில் இறங்கவேண்டிய உங்கள் பூர்வா ஏர்வேஸ் விமானம் ரத்தானது. அதிகாலை 4.20-க்கு, விமான நிலைய வரிசையில் நின்றிருந்த ஜெனிலாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது: தொழில்நுட்பக் காரணம். அவளை மாலை விமானத்துக்கு மாற்றினார்கள். அதே விமானத்தில் நீயும் வந்தாய், அவள் கையைப் பிடித்தபடி. அவள் அம்மா, உன் மைனி லீலா, பிற்பகல் 2.10-க்குப் போய்விட்டாள். நீங்கள் இருவரும் தக்கலை ஆஸ்பத்திரி வாசலில் காரைவிட்டு இறங்கியபோது மணி எட்டு. காலை விமானம் பறந்திருந்தால் பத்தரைக்கு மகள் தாயின் கட்டிலருகே நின்றிருப்பாள். மூன்று மணி நாற்பது நிமிடம் அவர்கள் இருவருக்கும் கிடைத்திருக்கும்.

இதை நான் இப்போது கேட்பதற்குக் காரணம் ஜெனிலா. அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் அவள் மும்பைக்குத் திரும்பவில்லை. வங்கிக்கு விடுப்பை நீட்டிக்கொண்டே இருக்கிறாள். தாயின் அறைக்குள் கால் வைப்பதில்லை. உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, அடுக்களையில் நின்றுகொண்டே இரண்டு வாய் விழுங்குகிறாள். முந்தின இரவு எட்டரைக்கு வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் இடம் இருந்ததாம். "சித்தப்பாவோட பிளேன்ல போவோம், எதாவது ஒண்ணுன்னா சித்தப்பா பாத்துக்கிடுவாரு" என்று காலை விமானத்தைப் பதிவு செய்தாளாம். ஆகவே தவறு தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஓர் எந்திரம் பழுதாவதற்கு அவள் பொறுப்பல்ல என்று நான் அவளுக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கு எந்த எந்திரம், என்ன பழுது என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் மூத்த அலுவலர். உனக்கு இது அரைமணி நேர வேலை.

பதிலை எதிர்பார்க்கும்,
செல்வதாஸ்


மும்பை,
3 நவம்பர் 2012

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆபேல் எழுதிக்கொள்வது. நானும் ரெஜிஷாவும் சுகம். நீங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக ஜெனி ரெஜிஷாவிடம் சொன்னாளாம். தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.

கேட்டதற்குப் பதில்: ஹைட்ராலிக் கசிவு. சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் இயக்குவது அந்த எண்ணெய்தான். கசிந்தால் யாரும் பறக்கத் துணிய மாட்டார்கள். இது யார் கையிலும் இல்லை என்று ஜெனியிடம் சொல்லுங்கள். அவள் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இங்கே நிலைமை மோசம். நாற்பத்தொரு விமானங்களில் பதினொன்று உதிரிபாகம் இல்லாமல் ஓரமாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்கள். எண்ணெய் நிறுவனங்கள் அன்றன்றைக்குப் பணம் கட்டினால்தான் எரிபொருள் ஊற்றுகின்றன. ஆகஸ்ட் சம்பளம் போன வாரம்தான் வந்தது. கேன்டீனில் வடையின் அளவு பாதியாகிவிட்டது. "வடையிலயும் லோடு கொறஞ்சு போச்சு" என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்கிறேன். இங்கே இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்க்காரர் யாரும் இல்லை.

மைனியின் போட்டோ ஒன்றை ரெஜிஷா பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். நான் அந்தச் சுவரின் பக்கம் அதிகம் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஆபேல்


தக்கலை,
21 நவம்பர் 2012

தம்பி ஆபேலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஹைட்ராலிக் கசிவை ஜெனிலாவிடம் சொன்னேன். அப்போது சபை மூப்பர் யேசுரத்தினம் வந்திருந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "எல்லாம் கர்த்தருக்கெச் சித்தம் மக்கா. அவரு நெனச்சா பிளேன் பறக்கும், நெனக்கலண்ணா நிக்கும்" என்றார்.

"அப்பம் கர்த்தருக்கு ஏர்லைன்ஸ் உண்டா மாமா? டிக்கெட்டு பைசா திருப்பித் தருவாரா?" என்றாள் ஜெனிலா.

"ஏட்டி, வாயெ அடக்கு. அம்மெ போயி மாசம் ரெண்டுதான் ஆவுது."

"அதுதான் கேக்கேன்."

மூப்பர் காப்பியை முடிக்காமலே எழுந்து போய்விட்டார். அவள் உட்காரவில்லை, டம்ளரை எடுத்துக் கழுவினாள். எந்திரம் அவளைத் திருப்திப்படுத்தவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் என்னையும் திருப்திப்படுத்தவில்லை.

உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதியிருந்தேன். நான்கு வரியில் பதில் வந்தது. அதில் காரணம் "செயல்பாட்டுக் காரணம்" என்று இருக்கிறது. குறுஞ்செய்தியில் இருந்தது "தொழில்நுட்பக் காரணம்." இரண்டும் வேறு வேறு என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உள்நாட்டு விமான நிறுவனங்கள் மக்களை முக்கால்வாசி ஏற்றிக்கொண்டும் ஏன் நட்டத்தில் பறக்கின்றன என்பதை ஆறு ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிக்கொண்டிருப்பவன் நான். மாதந்தோறும் வெளியாகும் அட்டவணைகளை, மற்றவர்கள் செய்தித்தாளைப் படிப்பதுபோலப் படிக்கிறேன். ரத்துக்கான காரணங்கள் அதில் தனித்தனிப் பத்திகளில் இருக்கும்: பழுது, வானிலை, செயல்பாடு, வணிகம், இதர. செப்டம்பரில் பூர்வா ஏர்வேஸ் வணிகக் காரணத்துக்காக ரத்து செய்த விமானங்கள் சுழியம். நூறு இருக்கையில் முப்பத்தைந்து காலியாகப் பறக்கும் நிறுவனம், எரிபொருளுக்கு அன்றாடம் கைமாற்று வாங்கும் நிறுவனம், ஆளில்லை என்பதற்காக ஒரு விமானத்தைக்கூட நிறுத்தவில்லையாம். அவ்வளவு தர்மவான்கள் நட்டக்கணக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த விமானத்தின் பதிவெண் வேண்டும். வாலில் எழுதியிருக்குமே, அது. மற்றதை நானே தெரிந்துகொள்வேன்.

ரெஜிஷாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

செல்வதாஸ்


மும்பை,
16 டிசம்பர் 2012

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் ஜெனியின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

கிறிஸ்துமசுக்கு வர முடியாது. விடுமுறைக் கூட்டம், எங்களுக்கு விடுப்பில்லை. ரெஜிஷா கேக் அனுப்பியிருக்கிறாள். ஜெனிக்குப் பிடித்த முந்திரிக் கேக். இந்த ஆண்டு வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டீர்கள் என்று தெரியும்.

பதிவெண் வெளியாருக்குத் தரக்கூடாது என்பது விதி. கோபப்பட வேண்டாம். அண்ணே, எதைத் தெரிந்துகொண்டாலும் மைனி வரப்போவதில்லை.

தம்பி,
ஆபேல்


தக்கலை,
9 ஜனவரி 2013

ஆபேலுக்கு,

கேக் வந்து சேர்ந்தது. உடையவில்லை.

உன் மைனி வரப்போவதில்லை என்பதை எனக்குத் தெரிவித்ததற்கு நன்றி. நான் மீட்க முயல்வது எஞ்சியிருக்கும் ஒருத்தியை. அவள் வங்கி வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. அதற்குள் எனக்கு உண்மை வேண்டும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தரைப்பணியில் என் பழைய மாணவன் ரெனிஷ் இருக்கிறான். கேட்டேன். இரண்டு நாளில் சொன்னான். "சார், அந்த பிளேனுக்கு ஒரு கேடும் இல்ல. அது அண்ணைக்குக் காலைல ஏழு அஞ்சுக்கு டெல்லிக்குப் பறந்திருக்கு. சாயங்காலம் வந்த பிளேன்ல காலைல உள்ள ஆளும் சாயங்காலத்து ஆளும் சேந்து எறங்கினாங்க."

ஆக, நடந்தது இது. காலை விமானத்தில் ஆள் குறைவு. மாலை விமானத்திலும் இடம் காலி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு பறப்புக்குரிய எரிபொருள் மிச்சம். நிறுவனத்துக்கு நாலைந்து லட்சம் ரூபாய். காலை விமானத்து மனிதர்களுக்கு ஒன்பதரை மணி நேரம். அந்த ஒன்பதரை மணி நேரம் எந்த நிறுவனத்தின் நட்டக்கணக்கிலும் வருவதில்லை. அதற்குப் பத்தி இல்லை. பிறகு, பணத்துக்காக நிறுத்தினோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, பழுது என்று ஒரு செய்தியைத் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

இது தானாக நடக்காது. யாரோ ஒருவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். வக்கீல் முத்துநாயகத்திடம் பேசிவிட்டேன். நுகர்வோர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கிறேன். இழப்பீடு எனக்கு வேண்டாம். அந்த ஆளைக் கூண்டில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: அந்த விமானத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாயா?

அவர் பெயரை எழுதி அனுப்பு. நீ அதே அறையில் வேலை செய்கிறவன்.

செல்வதாஸ்


மும்பை,
12 பிப்ரவரி 2013

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

பெயர் ஆபேல்.

அன்றைக்கு இரவுப் பணியில் மூத்தவன் நான்தான். 2.50-க்குப் பராமரிப்புப் பிரிவு அழைத்தது. டில்லிக்கு 7.05-க்குப் போகவேண்டிய விமானத்தில் ஹைட்ராலிக் கசிவு. நான் சொன்ன கசிவு பொய்யில்லை அண்ணே, அது வேறு விமானத்தில். டில்லிக்கு 162 பேர். மாற்று விமானம் இல்லை. எங்கிருந்தாவது ஒன்றை எடுக்க வேண்டும். திரையில் எந்த விமானத்தில் ஆள் குறைவு என்று பார்த்தேன். திருவனந்தபுரம் 43. மாலையில் 96. சேர்த்தால் 139, ஒரே விமானத்தில் அடங்கிவிடும். திருவனந்தபுரம் விமானத்தை டில்லிக்குக் கொடுத்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

நீங்கள் கூண்டில் கேட்க நினைத்த கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். பார்க்கவில்லை. திரையில் அந்த 43-ன் மேல் ஒரு தட்டுத் தட்டினால் பெயர்ப்பட்டியல் திறக்கும். எங்கள் அறையில் யாரும் திறப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்: எண்ணைப் பார், பட்டியலைத் திறக்காதே, பெயரைப் பார்த்தால் கை ஓடாது.

அந்த அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே லாக்கரில் பூட்ட வேண்டும். ஏழு மணிக்குப் பணி முடிந்து லாக்கரைத் திறந்தேன். ஜெனியின் ஆறு அழைப்புகள். முதலாவது இரவு 10.15, கடைசி 4.40. ஒரு செய்தி: "சித்தப்பா, பிளேன் கேன்சல்னு சொல்லுதாங்க. அம்மைக்கு ஒட்டும் வய்யா. எதாவது செய்யுங்க."

எல்லா நிறுவனங்களிலும் கேட்டேன். கொச்சி வழியாகவும் கேட்டேன். மாலைக்கு முன்னால் ஊருக்குப் போய்ச்சேர வழியில்லை. அதனால்தான் அவளோடு ஏறி உட்கார்ந்தேன். இரண்டேகால் மணி நேரம் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். சொல்ல நினைத்தேன். விமானப் பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வழக்கென்று போனால் அதையும் மன்றத்தில் வைப்பார்கள். அது உங்களுக்கு என்னிடமிருந்து தெரியட்டும்.

2011 மே மாதம் விடுப்பில் வந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து எனக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொடுத்தீர்கள். எந்த வழித்தடத்தில் எத்தனை பேருக்குக் குறைந்தால் விமானத்தை நிறுத்தி அடுத்ததோடு சேர்ப்பது லாபம் என்று. மரச்சீனி அவித்து மீன்கறியோடு கொண்டுவைத்த மைனி, "அண்ணனும் தம்பியும் காணிக்க எண்ணுத மாதிரில்லா ஆளெண்ணுதிய" என்று சிரித்தார்கள். அதை மேலிடத்தில் காட்டித்தான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அறையில் எல்லோரும் அதைப் புரொஃபசர் ஷீட் என்பார்கள். மும்பை–திருவனந்தபுரம் வரியில் உங்கள் கையெழுத்தில் 61 என்று இருக்கிறது. 43, 61-ஐவிடக் குறைவு. நான் யோசிக்கக்கூட இல்லை அண்ணே. நாற்பது வினாடி ஆகியிருக்காது.

உங்கள் மேல் பழிபோட இதை எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது.

ஆபேல்


மும்பை,
28 மார்ச் 2013

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்றாவது தெரிவியுங்கள். ஜெனியிடம் கேட்கத் தைரியம் இல்லை. அவளுக்குத் தெரியுமா என்பதுகூடத் தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். நிறுவனமே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொன்றில் இப்போது பத்தொன்பதுதான் பறக்கின்றன. நாலு மாதச் சம்பளம் நிலுவை. மஸ்கட்டில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கேட்டிருக்கிறேன். சரக்குக்கு யாரும் காத்திருந்து சாவதில்லை.

நாளை பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனையில் மைனி வழக்கமாக உட்காரும் இடத்தில் யார் உட்காருவார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆபேல்


தக்கலை,
22 ஏப்ரல் 2013

ஆபேலுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அட்டவணையின் நகல் என் கோப்பில் இருந்தது. எடுத்து, முதலிலிருந்து மறுபடியும் கணக்கிட்டேன். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களின் விகிதம், வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறவர்களின் விகிதம், எல்லாம். 61 சரி. சொல்லப்போனால், செப்டம்பரில் எரிபொருள் விலை ஏறியிருந்ததால் சரியான எண் 68. நீ பிழை செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஒரு பிழை அகப்பட்டிருந்தால் மீதி நாளை அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். பத்து நாள் தேடினேன்.

அந்த மூன்று நாளில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நீ அதை உன் கடிதத்தில் எழுதவில்லை. மறந்தாயா, எனக்காக விட்டுவிட்டாயா என்று தெரியவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, சாவுக்குப் போறவங்க இருப்பாங்களே அண்ணே, அதெ எப்பிடிக் கணக்குல எடுக்க?" என்றாய். நான் சொன்னேன்: "அது சராசரியிலெ கரைஞ்சு போவும்டே." வகுப்பறையில் சொல்வதுபோலச் சொன்னேன். நீ எழுதிக்கொண்டாய்.

வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டேன். எதிர்மனுதாரர் வரிசையில் என் பெயரையும் சேர்க்கச் சொன்னதற்கு முத்துநாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சாரே, அவனவன் அடுத்தவன் மேல கேஸ் குடுக்கதுக்கு வாறான். நீங்க ஒங்க மேலயே குடுக்கணும்னு சொன்னா நான் எந்த செக்ஷன்ல போட?"

உன் பிப்ரவரிக் கடிதத்தையும் இந்தக் கடிதத்தின் நகலையும் இன்று ஜெனிலாவிடம் கொடுக்கிறேன். உன் அனுமதியைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். அவள் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குற்றத்துக்காக. இதனால் அவள் தகப்பனையும் சித்தப்பனையும் ஒரே நாளில் இழப்பாள். அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

செல்வதாஸ்


மும்பை, அந்தேரி,
9 ஜூன் 2013

சித்தப்பாவுக்கு,

ஜெனிலா எழுதுகிறேன். மஸ்கட் முகவரியைச் சித்தி கொடுத்தார்கள். அங்கே சூடு அதிகம் என்றார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா கொடுத்த கடிதங்களைப் படித்தேன். அன்றைக்கு அப்பாவின் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றேன். அப்பா அழுதார்கள். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பசித்தது, அவ்வளவுதான். ஏழு மாதப் பசி.

அந்த நாற்பத்து மூன்று பேரின் விமானம் நின்றதில் என் தவறு எதுவும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்ல வரவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீங்கள் அந்தப் பட்டியலைத் திறந்திருந்தால், என் பெயரைப் பார்த்திருந்தால், பறக்க விட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். அப்படியானால் டில்லிக்குப் போகவேண்டிய 162 பேரில் யாருடைய அம்மா காத்திருந்திருப்பார்கள்? ராத்திரி முழுவதும் யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். நான் உங்களை வெறுக்க முடியாமல் செய்துவிட்டது அந்த 162. அதற்காகத்தான் உங்கள் மேல் கோபம்.

இன்னொன்று. அம்மா கடைசியில் என்ன கேட்டார்கள், என்னைத் தேடினார்களா என்று அப்பாவிடம் பலதடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் மோட்டார் போடுகிறார்கள். தொட்டி நிரம்பி வழிகிறது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஜெனி


தக்கலை,
28 ஆகஸ்ட் 2013

பிரியமான தம்பி ஆபேலுக்கு,

அண்ணன் எழுதுவது. மஸ்கட்டில் சுகமாக இருக்கிறாயென்று ரெஜிஷா சொன்னாள். இங்கே நான் தனியாக இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஜெனிலா பேசுகிறாள். ஜூன் மாதம் அவள் உனக்கு எழுதியதையும், அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு நீ "தெரியாது" என்று பதில் எழுதியதையும் போன வாரம் சொன்னாள். உனக்குத் தெரியாது என்பது உண்மை. அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

செப்டம்பர் 13 ஓராண்டு நினைவு ஜெபம். ஜெனிலா வருகிறாள். நீயும் வா. அவள்தான் உன்னை அழைக்கச் சொன்னாள், அழைப்பது நான். வந்தால் என் வலப்பக்கத்தில் நில். உன்னிடம் பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

அவள் கேட்டதை உனக்கு எழுதுகிறேன். நீ வரும்போது அவளிடம் சொல். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விமானம் ரத்தான செய்தி காலை ஐந்து மணிக்கே எனக்கு வந்துவிட்டது. லீலாவிடம் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம் எப்படிச் சொல்வது? எட்டரைக்குக் கேட்டாள்: "மோளு எத்தினாளா?" எறங்கிட்டா, பெட்டிக்கு நிக்கா என்றேன். ஒன்பதரைக்குக் கேட்டாள். நெய்யாற்றின்கரை கழிஞ்சாச்சு என்றேன். இல்லாத ஒரு காரை நான் சாலையில் ஓட்ட ஆரம்பித்தேன். அங்கிருந்து எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு மணிநேரத்துச் சாலை. அதை மாலைவரை இழுக்க வேண்டும். பாறசாலையில் லாரி குறுக்கே நின்றது. களியக்காவிளை சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். குழித்துறைப் பாலத்தில் நெரிசல். மார்த்தாண்டத்தில் டயர் பஞ்சர். அப்போது மணி பன்னிரண்டரை. அவள் ஒவ்வோர் ஊருக்கும் தலையை ஆட்டினாள். "டிரைவரு நல்ல ஆளா? வெரட்டாண்டாம்னு சொல்லுங்க" என்றாள். கண்ணை மூடவே இல்லை. தூக்க ஊசி போட வந்த நர்சின் கையை வேண்டாமென்று தட்டிவிட்டாள். மகள் வரும்போது விழித்திருக்க வேண்டுமாம்.

வலியோடு விழித்துக் கிடந்தாள், என்னை நம்பி. உண்மையைச் சொல்லியிருந்தால் ஊசியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பாள். ஒருவேளை மாலைவரை தாங்கியிருப்பாள். ஒருவேளை. இதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.

ஒன்றே காலுக்குச் சாமியார்மடம் என்றேன். ஒன்றே முக்காலுக்கு அழகியமண்டபம் என்றேன். அவள் சிரித்தாள். தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, சீலை முந்தானையைச் சரிசெய்யச் சொன்னாள். செய்தேன். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிவைக்கச் சொன்னாள். அதையும் செய்தேன்.

இரண்டு மணிக்கு மறுபடியும் கேட்டாள்: "இப்பம் எங்கெ?"

அழகியமண்டபம் கழிந்தால் தக்கலைதான் ஆபேல். எனக்கு வேறு ஊர் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

செல்வதாஸ்